12 பறவைப் படம், 74 எம்பி பக்கம்: தரத்தைக் குறைத்தும் தீரவில்லை

கேள்வி: கொண்டலாத்தி

வணக்கம். பறவைப் படங்களுக்கென்று ஒரு சின்ன தளம் வைத்திருக்கிறேன். முகப்பில் 12 படங்கள். கணினியில் ஒருவழியாகத் திறந்துவிடுகிறது. போனில் ஒவ்வொரு படமும் மேலிருந்து கீழாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. பாதிப் பக்கம் தள்ளுவதற்குள் தானாகவே ரீலோடு ஆகி மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கிறது. எல்லாம் கேமராவிலிருந்து அப்படியே ஏற்றியவை: 6000×4000 பிக்சல் ஜேபெக் (கேமராக்கள் வழக்கமாகச் சேமிக்கும் பட வடிவம்), ஒவ்வொன்றும் 6 எம்பிக்கு மேல். திரையில் காட்டுவது 400 பிக்சல் அகலம்தான், பக்கத்தின் தோற்றத்தை எழுதும் சிஎஸ்எஸ்ஸில் சுருக்கி வைத்திருக்கிறேன்.

தரம் 30 என்று வைத்துச் சேமித்துப் பார்த்தேன். ஃபைல் இளைத்தது, ஆனால் மீன்கொத்திக்குப் பின்னால் இருக்கும் வானம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது. பிஎன்ஜி என்ற வேறு பட வடிவத்துக்கு மாற்றினால் தரம் போகாது என்றார்கள், ஆக்கினேன். 6 எம்பி இருந்தது 30 எம்பியைத் தாண்டிவிட்டது. அனுப்புமுன் ஃபைலைச் சுருக்கும் ஜிசிப்பைச் சர்வரில் போட்டதில் எந்த மாற்றமும் இல்லை. கடைசியாக எல்லாப் படத்துக்கும் லேசி லோடிங் (திரைக்குப் பக்கத்தில் வரும்போதுதான் படத்தை ஏற்றுவது) கொடுத்தேன், முதல் படம் முன்பைவிடத் தாமதமாக வருகிறது. எங்கே தப்பு செய்கிறேன்?

பதில்: பழையலென்ஸ்

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன்: மூலப் படங்களை இன்றே வேறொரு டிஸ்கில் நகல் எடுத்து வையுங்கள், மற்றதெல்லாம் அப்புறம். சில வருடங்களுக்கு முன் ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஒரே கமாண்டில் சின்னதாக்கினேன். அது புதிய ஃபைல் எழுதும் என்று நினைத்தேன், பழையதன் மேலேயே எழுதிவிட்டது. மூன்று பருவம் காத்திருந்து எடுத்த பறவைக்கூட்டுப் படங்கள் இன்றைக்கு என்னிடம் 800 பிக்சலில்தான் இருக்கின்றன. இன்னும் வலிக்கிறது. ஜேபெக்கில் ஒருமுறை தூக்கிப் போட்டது திரும்பி வராது. சுருக்கியதையே திறந்து மறுபடி சுருக்கினால் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போகும். எப்போதும் மூலத்திலிருந்தே எடுங்கள்.

உங்கள் சிக்கல் தரத்தில் இல்லை, அளவில் இருக்கிறது. 6000×4000 என்றால் 2.4 கோடி பிக்சல். சிஎஸ்எஸ்ஸில் 400 என்று எழுதினாலும் அத்தனையும் இறங்கித்தான் ஆகவேண்டும். இப்போதைய போன் திரைகள் ஒரு சிஎஸ்எஸ் பிக்சலுக்கு நீள அகலத்தில் இரண்டு மூன்று பிக்சல் வைத்திருக்கின்றன. அதற்கும் சேர்த்து 1200×800 போதும். அது 9.6 லட்சம் பிக்சல், சரியாக 25-ல் ஒரு பங்கு. தர எண்ணைத் தொடாமலே சுமை பெரும்பாலும் இறங்கிவிடும்.

ரீலோடு ஆவதற்கும் இதுதான் காரணம் என்று நினைக்கிறேன். ஃபைல் எத்தனை எம்பி என்பது வலையில் வரும்போதுதான் கணக்கு. திரையில் காட்ட பிரௌசர் அதை விரிக்க வேண்டும், ஒரு பிக்சலுக்கு 4 பைட். முழு அளவில் விரித்தால் உங்கள் ஒரு படத்துக்கு 96 எம்பி நினைவகம், 12 படத்துக்கு 1100 எம்பிக்கு மேல். போன் தாங்காமல் பக்கத்தைத் தூக்கிவிட்டு மறுபடி ஏற்றுகிறது. தரம் 30-க்கு இறக்கினாலும் இந்தக் கணக்கில் ஒரு பைட் கூடக் குறையாது!

அந்த வானத்தைப் பற்றி. ஜேபெக் படத்தை 8×8 பிக்சல் கட்டங்களாக வெட்டிக்கொள்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் பெரிய ஏற்ற இறக்கத்தை வைத்துக்கொண்டு நுணுக்கமானதை உதறுகிறது. இறகு மாதிரி கரடுமுரடான இடத்தில் உதறியது கண்ணுக்குத் தெரியாது. வானம் மெதுவாக நிறம் மாறும் இடம். பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விளிம்பு துருத்திக்கொண்டு நிற்கும். 30 என்பது சதவீதமும் இல்லை. ஒரு மென்பொருளின் 75-ம் இன்னொன்றின் 75-ம் ஒன்றல்ல. எண்ணைப் பார்க்காதீர்கள், படத்தைப் பாருங்கள். நான் 80-ல் ஆரம்பித்து, வானத்தையும் கண்ணைச் சுற்றிய இடத்தையும் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டே இறங்குவேன். ஸ்கூஷ் என்ற கருவியில் நடுவே ஒரு கோட்டை இழுத்து முன்னும் பின்னும் ஒப்பிடலாம். பிரௌசருக்குள்ளேயே வேலை செய்வதால் படம் எங்கும் ஏறாது.

ஜிசிப் உதவாததற்குக் காரணம், ஜேபெக் ஏற்கெனவே சுருக்கப்பட்டது. பிழிந்த துணியை மறுபடி பிழிந்தால் என்ன சொட்டும்? பிஎன்ஜி எதையும் உதறாது, அதனால்தான் ஃபோட்டோவுக்கு அவ்வளவு பருமன். எழுத்தும் கோடும் உள்ள வரைபடங்களுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள். அவற்றை ஜேபெக் ஆக்கினால் எழுத்தைச் சுற்றி அழுக்குப் படிந்த மாதிரி ஆகும்.

ஃபோட்டோக்களை வெப்பி என்ற புதிய பட வடிவத்துக்கு மாற்றுங்கள். 2020-ல் ஆப்பிளின் சஃபாரி பிரௌசரும் ஏற்றுக்கொண்டபின் தயங்க வேண்டியதில்லை. ஏவிஃப் என்ற இன்னொரு வடிவம் இன்னும் சிறியது, வானம் போன்ற இடங்களை நன்றாகவே காப்பாற்றுகிறது, ஆனால் உருவாக்க நேரம் பிடிக்கும். பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லில் பிக்சர் டேகில் ஏவிஃப், வெப்பி, கடைசியாக ஜேபெக் என்று அடுக்கினால் பிரௌசர் தனக்குப் புரிந்த முதல் ஒன்றை எடுத்துக்கொள்ளும்.

லேசி லோடிங் கீழே இருக்கும் படங்களுக்கானது. முதல் படத்துக்கும் கொடுத்தால், பக்க அமைப்பைக் கணக்கிட்டு அந்தப் படம் திரையில் விழுகிறதா என்று தெரியும்வரை பிரௌசர் அதைச் சர்வரிடம் கேட்காமல் காத்திருக்கும். அதிலிருந்து மட்டும் எடுத்துவிடுங்கள். எல்லா இமேஜ் டேகிலும் அகலம், உயரம் இரண்டையும் எழுதுங்கள்; படம் வரும்போது கீழே இருப்பதெல்லாம் குதிக்காது.

பதில்: நிழல்வலை

மேலே சொன்னதோடு முழுக்க உடன்படுகிறேன். இரண்டு விஷயம் சேர்க்க வேண்டும், இரண்டாவதை தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கேமரா அடோபி ஆர்ஜிபி என்ற வண்ண முறையில் எடுத்திருந்தால், சுருக்கும் கருவி வண்ண விவரக் குறிப்பை உதறும்போது நிறம் வெளிறும். மீன்கொத்தியின் நீலம் செத்துப்போகும். முதலில் வலையில் வழக்கமான வண்ண முறையான எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றிவிட்டு அப்புறம் குறிப்புகளை நீக்குங்கள். நிமிர்த்திப் பிடித்து எடுத்த படங்களின் திசையும், கேமரா படத்துக்குள்ளேயே எழுதி வைக்கும் எக்சிஃப் குறிப்பில்தான் இருக்கும். படத்தை உண்மையாகவே திருப்பிச் சேமிக்காமல் எக்சிஃபை நீக்கினால் பறவை பக்கவாட்டில் படுத்துக்கொள்ளும்.

அடுத்தது, எக்சிஃபில் படம் எடுத்த இடத்தின் ஜிபிஎஸ் இருக்கலாம். கூட்டுப் படத்தை அப்படியே ஏற்றினால், அதை இறக்கிப் பார்க்கும் எவருக்கும் கூடு எந்த இடத்தில் இருக்கிறது என்று தெரிந்துவிடும். குஞ்சு பிடிப்பவர்களுக்கு வழிகாட்டி அனுப்பிய மாதிரி. சில பைட் மிச்சமாகும் என்பதற்காக இல்லை, அந்தப் பறவைக்காக அதை நீக்குங்கள். இப்போது தளத்தில் இருக்கும் படங்களை இன்றே பாருங்கள்.

கேள்வி கேட்டவர்: கொண்டலாத்தி

ஜிபிஎஸ் விஷயத்தைப் படித்ததும் முதல் வேலையாக அதைத்தான் பார்த்தேன். 12-ல் மூன்றில் இடம் பதிவாகியிருந்தது, அதில் ஒன்று கூடு. நேற்றே மூன்றையும் தளத்திலிருந்து எடுத்துவிட்டேன்.

மூலங்கள் இப்போது தனி டிஸ்கில். எல்லாவற்றையும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றி, 1200×800 ஆக்கி, வெப்பி 80-ல் சேமித்தேன். பெரும்பாலானவை 100-லிருந்து 200 கேபிக்குள் அடங்கின. ஆந்தைப் படம் மட்டும் 310 கேபி. படம் முழுக்க இறகும் மரப்பட்டையும்தான். மீன்கொத்தி 90 கேபிதான், ஆனால் 80-லும் வானத்தில் லேசாகப் பட்டை தெரிந்தது. அதை மட்டும் 88-க்கு ஏற்றினேன், சரியாகிவிட்டது. பக்கம் மொத்தம் 2 எம்பிக்குக் கொஞ்சம் கீழே. போனில் மூன்று தடவை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தேன், ரீலோடு ஆகவில்லை.

பழையலென்ஸ், அந்தக் கூட்டுப் படங்கள் வேறு யாருக்காவது மெயிலில் அனுப்பியிருந்தீர்களா? பழைய இணைப்புகளில் முழு அளவில் கிடக்க வாய்ப்பு உண்டு, ஒருமுறை தேடிப் பாருங்கள்.