சப்சிஸ்டம் டேட்டா செட்: படிக்கக் கொடுப்பதைவிட முடித்து வைப்பதே பெரும்பாடு

மெயின்ஃபிரேமில் சொந்தமாக ஒரு சப்சிஸ்டம் (சிஸ்டத்தின் அழைப்புகளை ஏற்று வேலை செய்யும் துணை மென்பொருள்) எழுதி, அதன் வழியாக டேட்டா செட் (மெயின்ஃபிரேமில் ஃபைலுக்கு இதுதான் பெயர்) கொடுக்கும் வேலை எனக்கு ஒருமுறை வாய்த்தது. பழைய கோபோல் புரோகிராம் ஒன்று வழக்கம்போல் ஃபைலைப் படிக்கும். அதில் ஒரு வரியைக்கூடத் தொடக்கூடாது. ரெக்கார்டுகள் மட்டும் டிஸ்க்கிலிருந்து வராமல், வேறொரு அட்ரஸ் ஸ்பேஸில் (ஒவ்வொரு ஜாப்புக்கும் தனியாகத் தரப்படும் மெமரி வெளி) ஓடும் எங்கள் சர்வரிலிருந்து வர வேண்டும். ஜேசிஎல்லில் (ஜாப்பை ஓட்டச் சொல்லும் கட்டளை மொழி) ஃபைலைக் குறிக்கும் டிடி வரியை மாற்றி சப்சிஸ் பாராமீட்டரில் நாலெழுத்துப் பெயரைக் கொடுத்தால், மற்றதெல்லாம் நம் பொறுப்பு.

முதல் பாதி சுலபம்தான். பாராமீட்டர்களைச் சரிபார்க்க 38, ஃபைலை ஜாப்புக்கு ஒதுக்கும் அலொகேஷனுக்கு 39, ஓப்பனுக்கு 16, குளோஸுக்கு 17, அன்அலொகேஷனுக்கு 7 என்று, சிஸ்டம் நம்மை எதற்காக அழைக்கிறது எனச் சொல்லும் ஃபங்ஷன் கோடுகள் உண்டு. எஸ்எஸ்விடி என்ற சப்சிஸ்டம் அட்டவணையில் எந்தக் கோடுக்கு எந்த ரொட்டீன் என்று சொல்லிவிட்டால் சிஸ்டம் தானே அழைக்கும்.

நான் அதிக நேரம் செலவிட்டது கெட்டில், அதாவது ஒவ்வொரு ரெக்கார்டையும் கேட்டு வரும் அழைப்பில். ஓப்பன் ரொட்டீன் கீ 0-வில் (எந்த மெமரியிலும் எழுத விடும் பாதுகாப்பு எண்), சூப்பர்வைசர் ஸ்டேட்டில் (எல்லாக் கட்டளைகளுக்கும் அனுமதி உள்ள நிலை) ஓடுகிறது. அது ஏசிபியில் (ஃபைலுக்கான கண்ட்ரோல் பிளாக்) போட்டு வைக்கும் முகவரிக்குத்தான் பிறகு ஒவ்வொரு கெட்டும் வருகிறது, ஆனால் அழைத்த புரோகிராமின் ஸ்டேட்டிலேயே, அதன் கீயிலேயே! சர்வரைத் தொட பிசி (புரோகிராம் கால்: வேறு அட்ரஸ் ஸ்பேஸுக்குத் தாண்டும் அழைப்பு) ரொட்டீன் வழியாகப் போனால் நமக்கு அதிகாரம் கூடிவிடுகிறது. அந்த அதிகாரத்தோடு ஆர்பிஎல் (ரெக்கார்டு கேட்கும் கோரிக்கை பிளாக்) காட்டும் இடத்தில் எழுதினால், யாரும் தவறான முகவரி கொடுத்து நம்மை வைத்தே சிஸ்டம் மெமரியைச் சிதைக்கலாம். எம்விசிடிகே கட்டளை கொண்டு அழைத்தவரின் கீயில் எழுதுவதில் நான் விட்டுக்கொடுக்கவே இல்லை. "இது உள்வேலைக்குத்தானே" என்ற வாதத்தை இன்றும் நான் ஏற்பதில்லை.

இதெல்லாம் ஒழுங்காக ஓடினால் சரி. ஜாப் பாதியில் அபெண்ட் ஆனால் (பிழையால் நின்றுவிட்டால்)? எல்லா அட்ரஸ் ஸ்பேஸுக்கும் பொதுவான காமன் ஸ்டோரேஜில் நாம் எடுத்த பிளாக்குகள் யாரும் விடுவிக்காவிட்டால் அடுத்த ஐபிஎல் (சிஸ்டத்தை மறுபடி துவக்குவது) வரை அப்படியே கிடக்கும். சர்வர் பக்கமோ, போய்விட்ட ரீடருக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். டாஸ்க் முடிவுக்கு 4, மெமரி முடிவுக்கு 8 என்ற பிராட்காஸ்ட் அழைப்புகள் இருப்பது இதற்காகத்தான். இரண்டும் எல்லா ஜாப்புக்கும் வரும் என்பதால், "இவன் நம் ஆளா?" என்ற சோதனை மிக வேகமாக முடிய வேண்டும். 8 வரும்போது ஜாப்பின் அட்ரஸ் ஸ்பேஸே போயிருக்கும். ரொட்டீன் சிஸ்டத்தின் மாஸ்டர் அட்ரஸ் ஸ்பேஸில் ஓடும். அதனால் துப்புரவுக்குத் தேவையான குறிப்பு எதையும் ஜாப்பின் பிரைவேட் ஏரியாவில் வைக்கக்கூடாது. எங்கள் குறிப்புகளையெல்லாம் காமன் ஸ்டோரேஜுக்கு மாற்றிய பிறகுதான் டிசைன் தெளிவானது.

எழுதத் தொடங்குபவர்கள் 16-ஐ எழுதும்போதே 4, 8 இரண்டையும் எழுதிவிடுங்கள். படித்துக்கொண்டிருக்கும் ஜாப்பை கேன்சல் செய்து பாருங்கள், பிறகு ஃபோர்ஸ் (கேன்சலைவிடக் கடுமையான நிறுத்தம்) செய்தும் பாருங்கள்; இரண்டுக்கும் முன்னும் பின்னும் சிஎஸ்ஏ (காமன் ஸ்டோரேஜ்) அளவை ஒப்பிடுங்கள். சோதனைக்கென்று தனி சிஸ்டம் கிடைக்காத இடத்தில் இந்த வேலையைக் கையிலெடுக்காதீர்கள்.