கம்பத்தில் தொங்கும் கண்ணாடி: ஃபைபர் இணையத்தைப் பசுமையானது என்று சொல்லலாமா?

வேம்படி:
எங்கள் தெருமுனை மின்கம்பத்தின் கீழே நேற்று மாலை நின்று எண்ணிப் பார்த்தேன். 11 கறுப்பு வடங்கள் அதன் மேல் போகின்றன. அவற்றுள் 4 வடங்கள் முனை வெட்டப்பட்டு வெறுமனே தொங்குகின்றன. ஒன்றைச் சுருட்டி, பக்கத்து வேப்பமரத்தில் ஆணி அடித்து மாட்டியிருக்கிறார்கள். ஆணியைச் சுற்றி மரப்பட்டை புடைத்துப் பிசின் வடிந்திருக்கிறது. அந்த இணைப்பைக் கொடுத்தவர்கள் தொழிலை விட்டுப் போய்ப் பல ஆண்டுகள் ஆகின்றன. இந்த நிலையில், ஃபைபர் இணையம் சுற்றுச்சூழலுக்கு உகந்தது என்று விளம்பரங்களில் படிக்கும்போது எனக்கு மனம் ஒப்பவில்லை. எவருடைய கணக்கில் அது உகந்தது என்பதே என் கேள்வி. இங்கே துறை அறிந்தவர்கள் இருக்கிறீர்கள், விளக்க வேண்டுகிறேன்.

ஒளித்தடம்:
வேம்படி அவர்களுக்கு வணக்கம். 14 ஆண்டுகளாக ஃபைபர் எனப்படும் கண்ணாடி இழைகளை இணைக்கும் வேலை செய்கிறேன். நீங்கள் சொன்ன காட்சியை நானும் நாள்தோறும் பார்க்கிறேன். ஆனால் அதை வைத்து இந்தத் தொழில்நுட்பத்தையே குறை சொல்வது சரியாகாது. தலைமுடி அளவே பருமனுள்ள இழையின் கண்ணாடியை மட்டும் நிறுத்தால் ஒரு கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 27 கிராம்தான் வரும். அதே தூரத்துக்குப் பழைய தொலைபேசிச் செம்புக் கம்பி ஓர் இணை, அரை மில்லிமீட்டர் பருமனில், மூன்றரைக் கிலோ செம்பு கேட்கும். செம்பு உருக்குவதற்கு மண்ணும் காற்றும் நீரும் என்ன விலை கொடுக்கின்றன என்ற அச்சத்தில்தான் தூத்துக்குடி மக்கள் தெருவில் இறங்கினார்கள். 2018 மே 22, 23 நாள்களில் 13 பேரைத் துப்பாக்கிச் சூட்டில் இழந்தோம். கண்ணாடியின் மூலப்பொருளோ மணலில் நிறைந்திருக்கும் சிலிக்கா.

மின்சாரக் கணக்கும் இழையின் பக்கமே நிற்கிறது. ஓர் இழையைப் பல வீடுகள் பகிர்ந்துகொள்ளும் ஜிபான் (GPON) முறையில் நிலையத்திலிருந்து புறப்படும் ஓர் இழை 20 கிலோமீட்டர் வரை போகும். வழியில் ஸ்பிளிட்டர் என்னும் சிறு பெட்டி அதன் ஒளியை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும். அந்தப் பெட்டிக்கு மின்சாரமே வேண்டாம். பேட்டரியும் மின்விசிறியும் டீசல் ஜெனரேட்டரும் தேவையில்லை. செல்போன் கோபுரத்தின் அடியில் நின்று பார்த்தவர்களுக்கு இந்த வேறுபாடு புரியும்.

வேம்படி:
27 கிராம் என்ற கணக்கு எனக்குப் புதிது, நன்றி. ஆனால் ஐயா, கண்ணாடியை மட்டும் யாரும் கம்பத்தில் கட்டுவதில்லையே. 24 இழைகள் கொண்ட வடத்தை எடுத்துக்கொண்டால், உங்கள் கணக்குப்படியே ஒரு கிலோமீட்டரில் கண்ணாடி முக்கால் கிலோவைக்கூடத் தொடாது. ஆனால் அந்த வடத்தின் எடை பல பத்துக் கிலோ. மீதியெல்லாம் பாலிஎத்திலீன் உறையும், உள்ளே வைக்கும் பசையும், வலுவுக்குச் சேர்க்கும் அராமிட் என்னும் செயற்கை நாரும், இழையைத் தாங்கும் பிளாஸ்டிக் குச்சியும்தான். நாம் ஊரெங்கும் இழுத்துக் கட்டுவது பெரும்பாலும் பிளாஸ்டிக்கை, அதற்குள் ஒரு துளி கண்ணாடியை.

செம்பைப் பற்றி நீங்கள் சொன்னதை மறுக்க எனக்கு வாயில்லை. அந்த நாளை நானும் மறக்கவில்லை. இருப்பினும் செம்புக்கு ஒரு குணம் உண்டு. அறுந்த செம்புக் கம்பி மறுநாள் காலை தெருவில் கிடக்காது. பழைய இரும்புக் கடைக்காரர் எடை போட்டு வாங்குவார். அது உருகி வேறு உருவில் திரும்பி வரும். கண்ணாடி இழை வடத்தை எங்கள் ஊர்க் கடைக்காரரிடம் கொண்டுபோய்க் கேட்டேன். கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, ‘இதில் ஒன்றும் கிடைக்காதம்மா’ என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். திருடக்கூட ஆளில்லை என்பது நிறுவனங்களுக்கு நிம்மதியாக இருக்கலாம். ஆனால் திருட ஆளில்லாத பொருளை அள்ளவும் ஆள் வருவதில்லை.

ஒளித்தடம்:
அள்ள ஆளில்லை என்பது உண்மை. இதில் என் தொழிலின் பழக்கம் ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வாடிக்கையாளர் இணைப்பைத் துண்டித்தால், பழைய வடத்தைக் கழற்றுவதற்கு எங்களுக்குக் கூலி கிடையாது. புதிது இழுப்பதற்கு மட்டுமே கூலி. எனவே முனையை வெட்டிவிட்டுப் போகிறோம். உறையை நீக்கி இழையை வெட்டும்போது விழும் கண்ணாடித் துண்டுகள் கண்ணுக்குத் தெரியாது; விரலில் ஏறினால் வலி மட்டுமே தெரியும். அவற்றை நான் ஒரு மருந்து டப்பாவில் சேர்த்து வைக்கிறேன். தரையில் ஊதிவிட்டுப் போகிறவர்களும் உண்டு. அந்த வீட்டில் குழந்தை தவழும் என்பதை நினைப்பதில்லை.

மலைவாசல்:
இருவரும் கம்பத்தில் தொங்குவதைப் பற்றியே பேசுகிறீர்கள். வடமே வராத ஊரிலிருந்து நான் எழுதுகிறேன். கிழக்குத் தொடர்ச்சி மலையில் உள்ள ஒரு பள்ளியின் ஆசிரியர் நான். 2021இல் பள்ளி மூடியிருந்தபோது, என் மாணவிகள் மூவர் ஒரே கைப்பேசியுடன் பாறை உச்சிக்கு ஏறி, சிக்னல் கிடைக்கும் இடத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு கணக்குப் பாடம் கேட்டார்கள். ஒருத்தி கையை உயர்த்திக் கைப்பேசியைப் பிடித்திருப்பாள். கை வலித்ததும் அடுத்தவள் வாங்கிக்கொள்வாள். அதைப் பார்த்த பின் ‘இன்னொரு வடம் வேண்டாம்’ என்று சொல்ல எனக்கு மனம் வராது. இணைய அணுகல் அடிப்படை உரிமையின் பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019இல் ஒரு மாணவியின் வழக்கில்தான் சொன்னது. இன்று ரேஷன் கடையில் விரல் வைப்பதற்கும், சான்றிதழ் விண்ணப்பிப்பதற்கும், கல்லூரிச் சேர்க்கைக்கும் இணையம் வேண்டும். எல்லாவற்றையும் இணையத்துக்கு மாற்றிவிட்டு, இணையத்தை மட்டும் சமவெளியோடு நிறுத்திக்கொள்வது எந்த வகையில் அறம்?

வேம்படி அவர்கள் ஊரில் 11 வடங்கள்; எங்களுக்கு ஒன்றும் இல்லை. எனக்குத் தெரிந்த அநீதி இதுதான்.

வேம்படி:
மலைவாசல் அவர்களே, உங்கள் மாணவிகளுக்கு வடம் போகக்கூடாது என்று நான் எங்கும் சொல்லவில்லை. எங்கள் தெருவில் 11 இருப்பதும் உங்கள் மலையில் ஒன்றும் இல்லாததும் ஒரே காரணத்தால் வந்தவை என்றே நினைக்கிறேன். ஒவ்வொரு நிறுவனமும் பணம் வரும் தெருவில் தனக்கென்று தனி வடம் இழுக்கிறது. பணம் வராத மலையடிவாரத்தோடு நின்றுகொள்கிறது. ஒரே வடத்தைப் பல நிறுவனங்கள் வாடகைக்குப் பகிர்ந்துகொண்டால் எங்கள் வேப்பமரமும் பிழைக்கும். மிச்சமாகும் பொருள் உங்கள் மலைக்கும் வரும்.

ஒளித்தடம்:
வடத்தைப் பொதுவில் இழுக்கும் முயற்சி நடக்காமல் இல்லை. மத்திய அரசு 2011இல் ஒப்புதல் அளித்த திட்டம்தான் பின்னர் பாரத்நெட் ஆனது. தமிழ்நாட்டில் டான்பிநெட் என்னும் மாநில அரசு நிறுவனத்தின் வழியாக 12,525 கிராம ஊராட்சிகளை இணைப்பது அதன் இலக்கு. அதில் பெரும்பகுதி மின்கம்பங்களின் மேலேயே போகிறது. மண்ணுக்கு அடியில் ஏன் போடவில்லை என்று கேட்பீர்கள். முறைப்படி 165 சென்டிமீட்டர் ஆழம் தோண்ட வேண்டும். செலவு பல மடங்கு. ஜேசிபி போகும் வழியில் மரத்தின் வேர் தப்பாது. மேலே கட்டினால் புயலில் போகும். 2018 நவம்பரில் கஜா வந்தபோது டெல்டாவில் கம்பங்களோடு வடங்களும் மண்ணில் புரண்டு கிடந்ததை நேரில் பார்த்தவன் நான். இரண்டிலும் இழப்பு இருக்கிறது. என் கருத்து, ஊருக்கு வெளியே சாலையோரத்தில் மண்ணுக்குள்ளும், மரம் நிறைந்த தெருவுக்குள் கம்பத்தின் மேலும் போடுவதே குறைந்த கேடு என்பது.

மலைவாசல்:
ஊராட்சிகள் என்ற எண்ணிக்கையைக் கவனியுங்கள். வடம் ஊராட்சி அலுவலகம் வரை வரும். ஒரு மலை ஊராட்சியில் பல சிற்றூர்கள் உண்டு. அலுவலகத்திலிருந்து சில ஊர்களுக்கு நடந்தே போக வேண்டும். அலுவலகக் கதவு பூட்டியிருந்தால் இணையமும் பூட்டியிருக்கும்.

கணக்கேடு:
இடையில் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். வழியில் மின்சாரம் வேண்டாம் என்று ஒளித்தடம் சொன்னார், அது சரி. ஆனால் வழியின் முடிவில், வீட்டுச் சுவரில், மோடம் என்னும் ஒரு பெட்டி இரவு பகலாக எரிகிறது. அதற்கு 10 வாட் என்று வைத்துக்கொண்டால் ஆண்டுக்கு ஏறத்தாழ 88 யூனிட். தமிழ்நாட்டில் இரு மாதங்களுக்கு ஒரு வீட்டுக்குக் கிடைக்கும் இலவச மின்சாரம் 100 யூனிட். அதில் ஒரு தவணை ஏறக்குறைய முழுவதும் அந்தப் பெட்டிக்கே போகிறது. ஒரு கோடி வீடுகளில் வைத்தால் 88 கோடி யூனிட். நம் நாட்டு மின்சாரத்தின் பெரும்பகுதி இன்னும் நிலக்கரியில் இருந்து வருவதால், இந்தப் பெட்டியின் புகை எண்ணூரிலும் நெய்வேலியிலும் வாழ்கிறவர்கள் வீட்டுக் கூரையில் படிகிறது. பெட்டி பழுதானால் என்ன ஆகிறது என்பதும் கேள்வி. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகள் உற்பத்தியாளர் மீது பொறுப்பைச் சுமத்துகின்றன. என் அலமாரியில் மூன்று பழைய பெட்டிகள் இருக்கின்றன. திருப்பித் தரட்டுமா என்று கேட்டால், ‘வைத்துக்கொள்ளுங்கள்’ என்கிறார்கள்.

வேம்படி:
அக்டோபர் 2 அன்று எங்கள் ஊரில் கிராம சபை கூடும். அதில் வைப்பதற்கு மூன்று வரி எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு வடத்திலும் அதன் உரிமையாளர் பெயரைக் கம்பத்துக்குக் கம்பம் கட்ட வேண்டும். துண்டித்த வடத்தை 30 நாளில் அகற்ற வேண்டும். பழையது அகலும் வரை அந்தக் கம்பத்தில் புதியதை இழுக்க விடக்கூடாது. பிழை இருந்தால் சொல்லுங்கள்.

ஒளித்தடம்:
முதல் இரண்டும் நல்லவை. கழற்றும் கூலியையும் நிறுவனமே தர வேண்டும் என்று சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் 30 நாள் என்பது தாளிலேயே இருக்கும். பெயர் அட்டை பிளாஸ்டிக்காக இருந்தால் ஒரே கோடையில் எழுத்து வெளுத்துவிடும். அலுமினியத் தகட்டில் எழுத்தைக் குத்தச் சொல்லுங்கள்.

மலைவாசல்:
மூன்றாவது வரியை நான் ஏற்கவில்லை. உங்கள் ஊருக்குச் சரியாக இருக்கலாம். அடிவாரத்து ஊர் ஒன்று அதே வரியைப் பார்த்து எழுதினால், அங்கே யாரோ விட்டுப்போன வடத்துக்காக எங்களுக்கு வரும் வடம் நின்றுவிடும். ‘மேலே உள்ள ஊர்களுக்குப் போகும் பொது வடம் நீங்கலாக’ என்று சேர்த்தால் என் ஆதரவு உண்டு.

வேம்படி:
சேர்த்துவிட்டேன். கூலியையும் எழுதிவிட்டேன். மரத்தில் இருக்கும் ஆணியை யார் பிடுங்குவது என்பதுதான் எந்த வரியிலும் இன்னும் வரவில்லை.