நேரோபோட்ல ராத்திரி கரண்டுக்கு என்ன பண்றது, பக்கத்து போட்காரங்களுக்கு தொந்தரவு இல்லாம?

தெம்பனிஸ்_அக்கா:
எல்லாருக்கும் வணக்கம். என் தம்பி இங்கிலாந்துல பர்மிங்ஹாம் பக்கம் கால்வாய்ல ஒரு நேரோபோட்லதான் குடியிருக்கான். நம்ம சிங்கப்பூர் ஆத்துல ஓடுற பம்போட் மாதிரி நினைச்சுக்காதீங்க, 57 அடி நீளம் ஆனா அகலம் 7 அடி கூட கிடையாது, அதுக்குள்ளேயே படுக்கை அடுப்பு குளிக்கிற இடம் எல்லாம். சொந்தமா நிறுத்துற இடம் இல்ல, 14 நாளைக்கு ஒரு தடவை இடம் மாத்திட்டே இருக்கணும், அதனால கரையில இருந்து கரண்ட் கிடையாது.

போன நவம்பர்ல நானும் வீட்டுக்காரரும் ரெண்டு வாரம் போய் தங்கினோம். மூணாவது நாள் ராத்திரி 9 மணி இருக்கும், தம்பி வேலையில இருந்து இன்னும் வரல, குளிரு வேற, நான் ரைஸ் குக்கர்ல அரிசி போட்டுட்டு அப்படியே கெட்டிலையும் தட்டி விட்டேன், இன்வெர்ட்டர் கீ கீன்னு கத்திச்சு, பிளக் பாயிண்ட் எதுலயும் கரண்ட் இல்ல. பேட்டரி தீந்துடுச்சுன்னு நினைச்சு வீட்டுக்காரர் எஞ்சினை ஸ்டார்ட் பண்ணிட்டாரு, காலையில தம்பி பண்றத பாத்திருக்காரு. பத்து நிமிஷத்துல பக்கத்து போட் பொண்ணு கைக்குழந்தைய இடுப்புல வச்சுக்கிட்டு டார்ச்சோட வந்து தட்டுது. எங்க புகை அவ ஜன்னல் கீழ போகுதாம், எஞ்சின் அதிர்வு தண்ணி வழியா அவ போட்ல கேக்குதாம், புள்ள முழிச்சுக்கிச்சாம். சத்தம் போடல, மெதுவாதான் சொன்னா, எனக்குத்தான் மனசு ஆறல. மறுநாள் கேசரி கிண்டி கொண்டு போய் குடுத்தேன்.

வர்ற பிப்ரவரில ஒரு மாசம் போறோம். வீட்டுக்காரர் சின்ன பெட்ரோல் ஜெனரேட்டர் ஒண்ணு வாங்கி பின்னாடி வச்சுக்கலாம்கிறாரு. சரியா வருமா? மிக்சி கொண்டு போகலாமா? தம்பிகிட்ட 2000 வாட் இன்வெர்ட்டர், 110 ஆம்ப் ஹவர் லெட் ஆசிட் பேட்டரி நாலு இருக்கு.

துவாஸ்_எலக்ட்ரீஷியன்:
அக்கா, அன்னைக்கு எஞ்சினே தேவைப்பட்டிருக்காது. நான் கப்பல் பட்டறையில எலக்ட்ரிக்கல் வேலைதான் பாக்குறேன், கணக்கு போட்டு காட்டுறேன் பாருங்க. ரைஸ் குக்கர் ஒரு 700 வாட், கெட்டில் 2200 வாட், ரெண்டும் சேந்தா 2900, இன்வெர்ட்டரே 2000தான். அது தாங்காம தன்னைத்தானே காப்பாத்திக்க நின்னிருக்கு, பேட்டரி தீந்து நிக்கல. பேட்டரி தீந்து நின்னிருந்தா, பேட்டரில நேரா எரியிற 12 வோல்ட் லைட்டும் மங்கியிருக்கும். கெட்டிலை ஆஃப் பண்ணிட்டு இன்வெர்ட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணா போதும், திரும்ப வந்திருக்கும்.

அப்புறம் நாலு பேட்டரி 440 ஆம்ப் ஹவர்னு பேரு, ஆனா லெட் ஆசிட்ல பாதிக்கு மேல இறக்கக்கூடாது, அப்பதான் ரொம்ப நாள் உழைக்கும், அதனால கையில இருக்குறது 220தான். லோடு எதுவும் இல்லாம கொஞ்ச நேரம் விட்டு மீட்டர் பாருங்க, 12.7 இருந்தா ஃபுல், 12.2 வந்தா பாதி போயிடுச்சு. கெட்டில்ல ஒரு லிட்டர் கொதிக்க வைக்க போற மொத்த கரண்ட் 10 ஆம்ப் ஹவர் பக்கம்தான், பெரிசு இல்ல, ஆனா கொதிக்கிற அந்த மூணு நாலு நிமிஷமும் 12 வோல்ட் பக்கம் 200 ஆம்ப்ஸ் இழுக்கும், பழைய பேட்டரின்னா வோல்டேஜ் தொப்புன்னு விழும். சூடு பண்ற சாமான் எதையும் பேட்டரில ஓட்டாதீங்க. கேஸ் அடுப்புல தண்ணி வைங்க, சோறும் அதே அடுப்புல பிரஷர் குக்கர்ல வைங்க.

மிக்சி தாராளமா கொண்டு போங்க, அங்கேயும் 230 வோல்ட் 50 ஹெர்ட்ஸ், நம்ம மூணு பின் பிளக்கேதான், அடாப்டர் கூட வேணாம். 750 வாட் மிக்சி ரெண்டு நிமிஷம் ஓடினா ஒண்ணும் குறையாது. ஆனா இன்வெர்ட்டர் ப்யூர் சைன் வேவான்னு, அதாவது வீட்டு கரண்ட் மாதிரி சீரா குடுக்குற வகையான்னு தம்பிகிட்ட கேளுங்க, மலிவான வகைன்னா மோட்டார் உறுமும், சூடாகும்.

ஜெனரேட்டர் பத்தி மட்டும் கண்டிப்பா சொல்றேன். பின்னாடி டெக்ல, அதுவும் குளிருக்கு துணி கவர் மூடி வச்சிருக்குற இடத்துல ஓட்டவே ஓட்டாதீங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, ஒரு சின்ன இடுக்கு போதும் உள்ள வர்றதுக்கு, தூக்கத்துலயே ஆளை முடிச்சிடும். போட் உள்ள அலாரம் இருக்கணும்னு 2019லேருந்து அங்க பாதுகாப்பு சோதனையிலயே கட்டாயம். வாரம் ஒரு தடவை டெஸ்ட் பட்டனை அமுக்கி பாருங்க.

நாலு_வருஷம்_போட்ல:
அக்கா நான் அங்க படிச்சு வேலை பாத்தப்ப நாலு வருஷம் போட்லதான் இருந்தேன், இப்ப ஜூரோங்ல எச்டிபி பிளாட். அண்ணன் சொன்ன கணக்கு சரி, நான் பழக்கத்த சொல்றேன்.

அங்க கால்வாய்களை பாத்துக்குற கேனால் அண்ட் ரிவர் டிரஸ்ட்டோட லைசென்ஸ் விதியிலயே இருக்கு, நிறுத்தி வச்சிருக்கும்போது கரண்டுக்காக எஞ்சினோ ஜெனரேட்டரோ ராத்திரி 8லேருந்து காலை 8 வரைக்கும் ஓட்டக்கூடாது, யார் காதுக்கும் எட்டாத இடம்னா பரவாயில்ல. நான் பாத்தவரைக்கும் நல்ல போட்காரங்க 8 மணிங்கிறத எல்லையாதான் வச்சுப்பாங்க, 7:55க்கு ஸ்டார்ட் பண்ண மாட்டாங்க. நான் காலையில 10 மணிக்கு மேல ஒண்ணரை மணி நேரம், சாயங்காலம் 4 மணி வாக்குல இன்னொரு மணி நேரம் ஓட்டுவேன். இருந்தாலும் லெட் ஆசிட் கடைசி 20 சதவீதம் ரொம்ப மெதுவாதான் ஏறும், மணிக்கணக்கா ஆகும். அதனால போட்டை நகத்துற நாளை வீணாக்காதீங்க. எஞ்சின் எப்படியும் ஓடும்ல, அன்னைக்கே பவர் பேங்க், லேப்டாப் எல்லாத்தையும் போட்டுடுங்க, சட்னி பொடின்னு அரைக்க வேண்டியதையும் அரைச்சு வச்சுக்கலாம். கட்டி நிறுத்தின பிறகு கியர்ல மட்டும் போடாதீங்க, சீக்கிரம் சார்ஜ் ஏறும்னு சிலர் செய்றாங்க, கரை அரிக்கும், அடுத்த போட்டை கட்ட கரையில அடிச்ச முளையே பிடுங்கிட்டு வந்துடும்.

பிப்ரவரில சோலாரை நம்பாதீங்க. நமக்கு வருஷம் முழுக்க 12 மணி நேரம் வெளிச்சம், அங்க அப்ப 10 மணி நேரம், அதுவும் சூரியன் கீழ சாஞ்சு கிடக்கும், மேகம் வேற. அதுக்கு பதிலா நிலக்கரி அடுப்பு எரிஞ்சுட்டே இருக்கும்ல, அது மேல எப்பவும் ஒரு கெட்டில் வச்சுடுங்க. ராத்திரி ஃபிளாஸ்க்ல ஊத்தி வச்சா காலை டீக்கு ஆச்சு.

மிக்சி சத்தம் இரும்பு போட்ல நீங்க நினைக்கிறதவிட தூரம் போகும். நம்ம பிளாட்ல மேல் மாடில சம்பல் இடிக்கிறது எப்படி இறங்குதோ அதவிட மோசம், ஏன்னா பக்கத்து போட் ஒரு கை தூரத்துல கிடக்கும். காலையில 9 மணிக்கு மேல வச்சுக்கோங்க. குக்கர் விசிலும் அப்படித்தான்.

அப்புறம் நிறுத்துறதுக்கு முன்னாடி பக்கத்துல யாரு இருக்காங்கன்னு பாத்து, நான் இந்த நேரத்துல எஞ்சின் ஓட்டுவேன் உங்களுக்கு சரியான்னு ஒரு வார்த்தை கேட்டுடுங்க. எனக்கு பக்கத்துல நைட் ஷிப்ட் நர்ஸ் ஒருத்தங்க இருந்தாங்க, பகல்லதான் தூங்குவாங்க, கேக்காம இருந்திருந்தா எனக்கு தெரிஞ்சிருக்கவே செய்யாது. அவங்களுக்காக சாயங்காலம் மட்டும்னு மாத்திக்கிட்டேன்.

தெம்பனிஸ்_அக்கா:
ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றிப்பா. எஞ்சினே தேவையில்லன்னு படிச்சதும் வீட்டுக்காரர் கொஞ்ச நேரம் பேசவே இல்ல, அப்புறம் ஜெனரேட்டர் வேணாம்னுட்டாரு. தம்பிகிட்ட கேட்டேன், இன்வெர்ட்டர் ப்யூர் சைன்தான், ஆனா பேட்டரி வாங்கி ஆறு வருஷமாம். நாங்க வாங்கி குடுக்கலாம்னு இருக்கோம். லித்தியம் போட்டா நல்லதா?

துவாஸ்_எலக்ட்ரீஷியன்:
ஆறு வருஷம்னா மாத்தலாம் அக்கா, 440னு எழுதியிருக்குறது இப்ப பாதி கூட இருக்காது. லித்தியம் நல்லதுதான், 80 சதவீதம் வரைக்கும் எடுக்கலாம், வேகமா ஏறும், அதனால எஞ்சின் ஓடுற நேரமும் குறையும், பக்கத்துல இருக்குறவங்களுக்கும் நிம்மதி. ஆனா பழச கழட்டிட்டு இத நேரா மாட்டக்கூடாது, கேக்குற கரண்ட்ட எல்லாம் குடுத்து குடுத்தே எஞ்சின்ல கரண்ட் எடுக்குற ஆல்டர்னேட்டர் எரிஞ்சிடும், நடுவுல கரண்ட்ட அளவா விடுற டிசி டு டிசி சார்ஜர் வேணும். இன்னொண்ணு, செல் பூஜ்ஜியம் டிகிரிக்கு கீழ இருக்கும்போது சார்ஜ் ஏத்துனா கெட்டுப்போகும், எஞ்சின் அறை மாதிரி குளிர்ற இடத்துல வைக்காம உள்ள வைக்க சொல்லுங்க. அங்க போட் வேலை தெரிஞ்ச ஆளை வச்சே மாட்டுங்க.

தெம்பனிஸ்_அக்கா:
சரிப்பா, தம்பிக்கு அப்படியே அனுப்பிட்டேன். தேக்கா போய் ஃபிளாஸ்க் மூணு வாங்கிட்டு வந்தேன், ஒண்ணு அந்த பொண்ணுக்கு. அவ போட்டும் இப்ப அதே பக்கம்தான் நிக்குதாம், புள்ள நடக்க ஆரம்பிச்சிடுச்சாம்.