போட்டி பிஸ்டல் பராமரிப்பும் உதிரி பாகங்களும்: நீங்கள் பட்டதைச் சொல்லுங்கள்

பிஸ்டல் வாங்கும்போது குழலைப் பற்றிக் கேட்போம், ட்ரிக்கரைப் பற்றிக் கேட்போம், கைப்பிடி அளவு கேட்போம். காற்றுக் கசியாமல் அடைக்கும் ரப்பர் பாகங்களின் தொகுப்பான சீல் கிட் கிடைக்குமா என்று கேட்பவர் அபூர்வம். அந்தக் கேள்வி போட்டிக்கு முந்தைய வாரத்தில்தான் வரும். நான் தொடங்கி வைக்கிறேன், மற்றவர்களும் எழுதுங்கள்.

என்னிடம் இருப்பது 10 மீட்டர் ஏர் பிஸ்டல். சிலிண்டரில் 200 பார் (அழுத்த அளவு) வரை காற்று நிரப்பலாம். திடீரென்று ஒரு பழக்கம் அதற்கு வந்தது: இரவு சிலிண்டரை மாட்டி வைத்தால் காலையில் அழுத்தமானியின் முள் பாதிக்கு இறங்கியிருக்கும். எங்களோடு பயிற்சி செய்யும் மூத்த வீரர் ஒருவர், "முதலில் சிலிண்டரைக் கழற்றித் தனியாக வை தம்பி, அப்புறம் பேசுவோம்" என்றார். தனியாக வைத்ததில் காற்று இறங்கவில்லை. சரி, சிலிண்டர் வால்வு தப்பித்தது. மறுபடி மாட்டி, இணைப்பைச் சுற்றி சோப்பு நீர் தடவினோம். குமிழே இல்லை. உள்ளே பெல்லட் (ஈயக் குண்டு) இல்லை என்று உறுதி செய்துகொண்டு குழல் வாயில் ஒரு சொட்டு வைத்தார். அது மெல்ல உப்பியது. ஆக, இணைப்பிலுள்ள ரப்பர் வளையமான ஓ ரிங் மேல் குற்றமில்லை, சுடும்போது காற்றைத் திறந்துவிடும் உள் முதன்மை வால்வின் சீல்தான் போயிருக்கிறது.

அந்தச் சீலை வாங்கியதுதான் பெரிய கதை. மாடல் பெயர் சொல்லி ஆர்டர் செய்தேன். விற்பவர் அதே மாடலின் பழைய வடிவத்துக்கான சீலை அனுப்பிவிட்டார். பெயரை மாற்றாமலே உள் பாகங்களை மட்டும் மாற்றுவது தயாரிப்பாளர்களிடம் சகஜம். இப்போதெல்லாம் பிஸ்டலின் வரிசை எண்ணையும், பாகங்களைப் பிரித்துக் காட்டும் வரைபடத்தில் இருக்கும் பாக எண்ணையும் சேர்த்தே அனுப்புகிறேன்.

* * *

கசிவாவது கண்ணுக்குத் தெரியும். சிலிண்டர் காற்றின் அழுத்தத்தை ஒரே அளவுக்குக் குறைத்துத் தரும் ரெகுலேட்டர் கெட்டால் தெரியவே தெரியாது, ஏனென்றால் பழி நம் கைக்குப் போய்விடும்.

என் தோழிக்கு நடந்தது இது. தொடர்ந்து சுட்டால் எல்லாம் நடுவில் விழும். இலக்குத்தாள் மாற்றவோ தண்ணீர் குடிக்கவோ நிறுத்திவிட்டு மறுபடி சுட்டால் முதல் பெல்லட் மட்டும் தனியாகப் போய் உட்காரும். பயிற்சியாளர் மூச்சைச் சரிசெய்யச் சொன்னார், நிற்கும் நிலையை மாற்றச் சொன்னார். கடைசியில் யாரோ வேகமானி கொண்டுவந்து வைத்தார்கள். 0.53 கிராம் பெல்லட்டுக்கு நொடிக்கு 150 மீட்டர் சுற்றுவட்டாரத்தில் சீராக வந்துகொண்டிருந்தது. ஓய்வுக்குப் பிறகு வரும் முதல் ஷாட் மட்டும் தெளிவாக வேகம் கூடியிருந்தது. ரெகுலேட்டரின் வால்வு அமர்ந்து மூடும் இருக்கையில் தூசியோ கீறலோ இருந்தால் அது முழுதாக மூடாது. சும்மா வைத்திருக்கும் நேரத்தில் சிலிண்டர் காற்று கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏறி, அழுத்தம் அளவைத் தாண்டிவிடும்.

திறந்து பார்த்த மெக்கானிக் ஈரத் தடம் இருந்ததாகச் சொன்னார். கைபம்பில் நிரப்புபவர்கள் கவனிக்க வேண்டியது இது. உலர்த்தும் வடிகட்டி இல்லாத பம்ப் காற்றோடு ஈரத்தையும் சேர்த்து அடைக்கும். வீட்டில் திறக்கலாமா என்று கேட்டால், ரெகுலேட்டரை மட்டும் வேண்டாம் என்பேன்.

* * *

மேலே சொன்னதோடு ஒன்று: உயர் அழுத்தக் காற்று படும் சீல், வால்வு, ரெகுலேட்டரில் சாதாரண மெஷின் ஆயில் விடாதீர்கள். அந்த அழுத்தத்தில் எண்ணெய் தீப்பற்றக்கூடும். நைட்ரைல் ரப்பர் ஓ ரிங்குக்கு சிலிகான் கிரீஸ், அதுவும் விரலில் பளபளப்பு தெரியும் அளவு போதும். ஆக்சிஜன் சிலிண்டரிலிருந்து நிரப்பலாமா என்று ஒருவர் கேட்டதை என் காதால் கேட்டிருக்கிறேன். கூடவே கூடாது.

* * *

எங்கள் அணிப் பையன் ஒருவனைக் கருவிச் சோதனையிலேயே நிறுத்திவிட்டார்கள். பிஸ்டலில் பழுதே இல்லை. சிலிண்டரில் பொறித்த தேதி தாண்டியிருந்தது, அவ்வளவுதான். பல சிலிண்டர்களுக்குத் தயாரிப்பாளர் தரும் ஆயுள் 10 ஆண்டு. சர்வதேச விதிப்படி அந்தத் தேதிக்குப் பொறுப்பு சுடுபவர்தான். பழைய பிஸ்டல் மலிவாக வருகிறது என்று மகிழ்வதற்கு முன் சிலிண்டரைத் திருப்பிப் பார்த்து, புதிய சிலிண்டரின் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள்.

ட்ரிக்கர் எடையும், அதாவது ட்ரிக்கர் விடுபடத் தேவையான இழுப்பும், அப்படித்தான். ஏர் பிஸ்டலுக்குக் குறைந்தது 500 கிராம். சரியாக 500-இல் வைத்தால் கொஞ்சம் திருகு நகர்ந்தாலோ அழுக்கு சேர்ந்தாலோ சோதனையில் ட்ரிக்கரில் எடைக்கல்லை மாட்டித் தூக்கும்போது ட்ரிக்கர் விடுபட்டு, கல் விழுந்துவிடும். நான் 510, 520 என்று விட்டுவைப்பேன். அந்தப் பத்து இருபது கிராம் விரலுக்குத் தெரியும் என்பவர்களை நான் நம்புவதில்லை.

* * *

நான் .22 ஆள், அதாவது காற்றில்லாமல் தோட்டாவில் சுடும் பிஸ்டல்காரன். எங்கள் தொல்லை வேறு ரகம்.

பிஸ்டலின் தோட்டா அறை காலியாக இருக்கும்போது ட்ரிக்கர் அழுத்திப் பயிற்சி செய்தால், அடிக்கும் ஊசி தோட்டாவின் விளிம்புக்குப் பதில் அறையின் விளிம்பைக் கொத்தும். நாளடைவில் அங்கே ஒரு பள்ளம், பிறகு தோட்டா சரியாக உட்காராது. பயிற்சிக்கான பிளாஸ்டிக் போலித் தோட்டா போட்டுக்கொள்ளுங்கள், அல்லது பிஸ்டலிலேயே பயிற்சி முறைக்கான அமைப்பு இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். காலி உறை வெளியே வராமல் சிக்கினால் உடனே உறையை இழுத்தெடுக்கும் கொக்கியான எக்ஸ்ட்ராக்டரை ஆர்டர் செய்ய ஓடாதீர்கள். தோட்டாவில் பூசிய மெழுகும் கரியும் அதன் கொக்கிக்கு அடியில் அப்பிக்கொண்டு, கொக்கி முழுதாக இறங்க விடாமல் செய்யும். எங்கள் இடத்தில் "உடைந்துவிட்டது" என்று வந்ததில் பாதிக்கு மேல் பல் துலக்கும் பிரஷ்ஷாலேயே சரியானது. சுட்டதும் பின்னுக்கு வரும் போல்ட்டை (குழலின் பின்பக்கத்தை மூடும் உலோகத் துண்டு) தாங்கும் பஃபர் ரப்பர் மட்டும் உண்மையிலேயே தேயும். அதையும் ஒரு எக்ஸ்ட்ராக்டரையும் அதன் ஸ்பிரிங்கையும் ஓர் ஊசியையும் பையில் வைத்திருப்பேன்.

இன்னொன்று, யாரும் சொல்லாதது. உதிரி பாகம் தீர்வதற்கு விதிப்புத்தகமும் காரணம். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு ரேப்பிட் ஃபயர் என்ற வேகமாகச் சுடும் பிஸ்டல் போட்டியில் குட்டையான .22 ஷார்ட் தோட்டா போய், நீளமான .22 லாங் ரைஃபிள் தோட்டா வந்தது, ட்ரிக்கர் குறைந்தபட்சம் 1000 கிராம் என்றானது. அருமையான .22 ஷார்ட் பிஸ்டல்கள் ஒரே இரவில் அலமாரிக்குப் போயின. அப்புறம் 50 மீட்டர் பிஸ்டல், 2016 ரியோவோடு ஒலிம்பிக்கிலிருந்து போனது. வாங்க ஆள் குறைந்த பிஸ்டலுக்கு யார் பாகம் செய்வார்கள்? என்னிடம் 50 மீட்டர் பிஸ்டல் ஒன்று இருக்கிறது. அதே மாடலில் குழல் தேய்ந்த இன்னொன்றைப் பாகங்களுக்காகவே வாங்கி வைத்திருக்கிறேன். வீட்டில் இன்னும் அதற்காகத் திட்டு விழுகிறது.

* * *

பாகங்களுக்காகவே இரண்டாவது பிஸ்டல் வாங்கும் விஷயத்தில் .22 நண்பரே, உங்கள் கட்சிதான் நான். என்னுடையது ஸ்பிரிங்கால் இயங்கும் பழைய ஏர் பிஸ்டல். பிஸ்டன் சீல் வயதாகிப் பொடிந்து, குழல் வழியாகத் துணுக்குகளாக வந்தது. புது சீலை லேத்தில் கடைந்து போட்டுத்தான் ஓட்டுகிறேன்.

* * *

ஓ ரிங் கடையில் வாங்கலாமா என்று தனியாகச் சிலர் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம். உள் விட்டம், தடிமன் இரண்டையும் வெர்னியர் அளவுகோலால் அளந்துகொள்ளுங்கள். தேய்ந்த ரிங் அமுங்கியிருக்கும், அதனால் அது உட்காரும் பள்ளத்தையும் அளப்பது நல்லது. 200 பார் படும் இடத்துக்கு 90 ஷோர் (ரப்பரின் கடினத்தை அளக்கும் அலகு) கடினம் கேளுங்கள். சாதாரணமாக எடுத்துக் கொடுப்பது 70, அது அந்த அழுத்தத்தில் இடுக்கில் பிதுங்கிக் கிழிந்துவிடும்.