விசுவாசமும் ஒரு கிரியைதானா? எபேசியர் 2:8 குறித்து ஒரு கேள்வி

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை (கேள்வி):

அனைவருக்கும் ஸ்தோத்திரம். தென்னிந்தியத் திருச்சபையைச் சேர்ந்த எங்கள் ஊர் ஆலயத்தில் ஏழாம், எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நான் பாடம் நடத்துகிறேன். “கிருபையினாலே விசுவாசத்தைக்கொண்டு இரட்சிக்கப்பட்டீர்கள், இது உங்களால் உண்டானதல்ல, இது தேவனுடைய ஈவு” என்பது சென்ற வார மனப்பாட வசனம். கிருபை என்பது தகுதி பாராமல் தரப்படுவது என்று காட்டுவதற்காக ஒரு பேனாவை உள்ளங்கையில் வைத்து நீட்டி, எழுந்து வந்து எடுத்துக்கொண்ட பையனுக்கே அதைக் கொடுத்துவிட்டேன். உடனே பின்வரிசையிலிருந்து ஒரு மாணவன், “வந்து எடுத்தவனுக்குத்தானே டீச்சர் பேனா கிடைத்தது? அப்படியென்றால் எழுந்து வந்தது அவனுடைய கிரியைதானே?” என்று கேட்டான். விசுவாசிப்பது நாம்தான் என்றால் அதுவும் ஒரு கிரியை, அதாவது நாம் செய்யும் செயல், ஆகிவிடாதா, ஆகுமென்றால் “கிரியைகளினால் உண்டானதல்ல” என்று அடுத்த வசனம் சொல்வது எப்படிப் பொருந்தும் என்பதுதான் அவன் கேட்டது. அடுத்த வாரம் சொல்கிறேன் என்று தப்பித்துக்கொண்டேன். பெரியவர்கள் உதவ வேண்டும்.

ஓய்வுபெற்ற குருவானவர்:

அன்பான சகோதரிக்கு, அந்தப் பையன் கேட்டது நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த இறையியலாளர் அகஸ்டீன் காலத்திலிருந்தே சபை விவாதித்துவரும் கேள்வி. அவனை அதட்டாமல் விட்டீர்களே, அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும்.

வசனத்தின் உருபுகளை முதலில் கவனியுங்கள். “கிருபையினாலே” என்றும் “விசுவாசத்தைக்கொண்டு” என்றும் நம்முடைய பழைய மொழிபெயர்ப்பு இரண்டையும் பிரித்தே சொல்கிறது. கிரேக்க மூலத்திலும் அவ்வாறே இரண்டுக்கும் அமைப்பு வேறு; விசுவாசத்தின் வழியாக என்றுதான் இந்த நிருபத்தில் பவுல் எழுதுகிறாரே தவிர, விசுவாசத்தின் காரணமாக, அதாவது அதற்குக் கூலியாக, என்று எழுதவில்லை. வாளியைக்கொண்டு கிணற்றில் தண்ணீர் இறைக்கிறோம். தாகம் தீர்த்தது எது என்று கேட்டால் யாரும் வாளி என்று சொல்லமாட்டார்கள்.

இனி, “இது உங்களால் உண்டானதல்ல” என்பதில் உள்ள “இது” எதைச் சுட்டுகிறது? தமிழில் கிருபை, விசுவாசம், இரட்சிப்பு எல்லாமே அஃறிணை என்பதால், சுட்டுப்பெயரை மட்டும் வைத்து நம்மால் முடிவு செய்ய இயலாது. கிரேக்கத்திலோ கிருபையைக் குறிக்கும் “காரிஸ்”, விசுவாசத்தைக் குறிக்கும் “பிஸ்டிஸ்” ஆகிய இரண்டும் பெண்பாற் சொற்கள். “இது” என்பதோ ஆணும் பெண்ணும் அல்லாத பாலில் வருகிறது. ஆகவே ஏதோ ஒரு சொல்லை மட்டுமல்ல, கிருபையினாலே இரட்சிக்கப்பட்ட அந்த நிகழ்வு முழுவதையும் அது சுட்டுகிறது என்று கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. விசுவாசமும் அதற்குள் அடங்கிவிடுகிறது.

பேனா உவமையில் ஒரு குறை இருக்கிறது. எழுந்து வரத் தெம்புள்ள பிள்ளைக்கு அது பொருந்தும். ஆனால் அதே அதிகாரத்தின் முதல் வசனம் நம்மை “மரித்தவர்களாயிருந்த” என்கிறது. “லாசருவே, வெளியே வா” என்று இயேசு அழைத்த குரல் கேட்டு, இறந்து கிடந்த கல்லறையிலிருந்து நடந்து வந்தவன் லாசருதான், அவன் கால்கள்தான். நடக்கும் உயிரை அந்தக் குரலே கொடுத்தது.

கத்தோலிக்க வாசகர்:

எங்கள் பொது மொழிபெயர்ப்பில் கிருபை “அருள்” என்றும், விசுவாசம் “நம்பிக்கை” என்றும், இரட்சிப்பு “மீட்பு” என்றும் வரும். சொற்கள் வேறானாலும் வசனம் ஒன்றுதான். கத்தோலிக்கர்கள் நற்செயல்களால் மீட்பைச் சம்பாதிக்கப் பார்க்கிறார்கள் என்று சில பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். ஆனால் நம்பிக்கையின் தொடக்கமே அருளின் கொடை என்று 529-இல் பிரான்சின் ஆரஞ்சு நகரில் கூடிய திருச்சபைச் சங்கம் அறிவித்தது. சீர்திருத்தவாதி லூத்தருக்கு எதிராகப் பேசிய திரிதெந்தின் சங்கமும் 1547-இல், கடவுளுக்கு ஏற்புடையவராக்கும் அருளை அதற்கு முன் வரும் நம்பிக்கையோ செயல்களோ ஈட்டித்தருவதில்லை என்றே எழுதியது. அருளைப் பெற்ற மனிதர் அதற்கு இசைந்து ஒத்துழைப்பதைப் பற்றியும், அதில் வளர்வதைப் பற்றியும் பேசும் இடத்தில்தான் நமக்குள் உண்மையான வேறுபாடு இருக்கிறது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆயினும் 1999 அக்டோபர் 31 அன்று ஆக்ஸ்பர்க் நகரில் லூத்தரன் உலகக் கூட்டமைப்பும் எங்கள் திருச்சபையும் இதுகுறித்த கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

லூத்தரன் சபையார்:

லூத்தர் எழுதிய போதனை நூலான சிறு ஞானோபதேசத்தில், விசுவாச அறிக்கையின் மூன்றாம் பிரிவுக்கான விளக்கத்தைப் பாருங்கள். “நான் விசுவாசிக்கிறேன்” என்று தொடங்கும் அறிக்கைக்கு லூத்தர் 1529-இல் தந்த விளக்கமே, என் சொந்தப் புத்தியாலோ பலத்தாலோ என்னால் இயேசு கிறிஸ்துவை விசுவாசிக்க முடியாது என்று விசுவாசிக்கிறேன், பரிசுத்த ஆவியானவரே சுவிசேஷத்தினால் என்னை அழைத்தார், என்ற பொருளில்தான் அமைகிறது. சிறுவயதில் இதை ஒப்பித்தபோது எனக்கு விளங்கவில்லை. அந்தப் பையனுக்கு விளங்கும் போலிருக்கிறது.

மெதடிஸ்ட் குடும்பத்தில் பிறந்தவர்:

குருவானவர் ஐயாவின் லாசரு உவமையை நான் முழுவதும் ஏற்கமாட்டேன். அழைக்கப்பட்ட லாசருவால் வராமல் இருந்திருக்க முடியுமா? முடியாது என்றால், இன்று நற்செய்தியைக் கேட்டும் வராதவர்களை என்னவென்று சொல்வது? மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய வெஸ்லி இதனால்தான் முந்திவரும் கிருபையைப் பற்றிப் பேசினார். நாம் தேடும் முன்பே கிருபை எல்லோரையும் வந்து தொடுகிறது, ஆம் என்று சொல்லும் வலிமையைத் தருகிறது, இல்லை என்று மறுக்கவும் விட்டுவைக்கிறது. தவிர, 1947 செப்டம்பர் 27-இல் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் சேர்ந்து உருவானதுதான் சகோதரியின் திருச்சபை. சீர்திருத்தவாதி கால்வினின் பிள்ளைகளும் வெஸ்லியின் பிள்ளைகளும் அங்கே ஒரே பந்தியில் அமர்கிறார்கள். எனவே இந்த ஒரு விளக்கம்தான் உண்டு என்று வகுப்பில் முடித்துவிட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை:

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. வாளியும் தண்ணீரும் பிள்ளைகளுக்கு நன்றாகப் பிடித்துப்போயின. பேனா உவமையையும் கொஞ்சம் மாற்றிப் பார்த்தேன். வகுப்பு தொடங்கும் முன்பே அந்தப் பின்வரிசை மாணவனின் பைக்குள் அவனுக்குத் தெரியாமல் ஒரு புதிய பேனாவைப் போட்டுவைத்துவிட்டு, வசனத்தை விளக்கி முடித்தபிறகு பையைத் திறந்து பார்க்கச் சொன்னேன். எடுத்துப் பார்த்துச் சிரித்தான், நன்றி டீச்சர் என்றான். மணியடித்து எல்லோரும் ஜெபத்துக்கு எழுந்தபிறகு மெதுவாக என்னிடம் வந்து, “நீங்கள் சொல்லியும் நான் பையைத் திறக்காமலே போயிருந்தால், பேனா என்னுடையதா டீச்சர், இல்லையா?” என்று கேட்டான்.