பகிர் வகுத்தல், அடங்கு வகுத்தல்: ஒரு முன்மொழிவு

நண்பர்களே, வணக்கம். நம் கணக்குக் கையேட்டில் வகுத்தலின் இரண்டு வகைகளுக்குத் தமிழ்ப் பெயர் வைப்பது பற்றி எழுந்த கேள்வி இது:

> வகுத்தல் ஒன்றுதானே? பிள்ளைகளுக்கு அதில் இரண்டு பெயர் எதற்கு?

கணக்கு ஒன்றுதான். ஆனால் 23 ÷ 4 என்று கரும்பலகையில் எழுதியதும் பிள்ளையின் மனதில் ஓடும் காட்சி ஒன்றல்ல. 23 பென்சில்களை 4 பேருக்குப் பகிர்ந்தால் ஆளுக்கு 5 கிடைக்கும், 3 மிஞ்சும். அதே 23 பென்சில்களை நான்கு நான்காகப் பெட்டியில் போட்டால் 5 பெட்டி நிறையும், அப்போதும் 3 மிஞ்சும். முதல் கணக்கில் 5 என்பது பென்சில், இரண்டாவதில் 5 என்பது பெட்டி. மீதி மட்டும் இரண்டிலும் பென்சில்தான். பிள்ளைகள் தடுமாறுவது இந்த இடத்தில்தான். "மூன்று பெட்டி மிச்சம்" என்று நம்பிக்கையோடு சொல்லும் குழந்தைக்கு வகுக்கத் தெரியவில்லை என்று சொல்ல முடியாது. எதை வகுத்தோம் என்பதுதான் நழுவிவிட்டது.

இந்த வேறுபாடு நம் பேச்சில் ஏற்கெனவே இருக்கிறது. "நான்கு பேருக்கு" என்றால் பகிர்கிறோம், "நான்கு நான்காக" என்றால் எடுத்து அடுக்குகிறோம். ஒரு 'கு'வும் ஓர் 'ஆக'வும் வேலையை முடித்துவிடுகின்றன. பழைய வழக்கில் "நந்நான்காக" என்று ஒரே சொல்லாகவும் சொல்வார்கள். பெயர்தான் இன்னும் வைக்கவில்லை.

முதலாவதற்குப் 'பகிர் வகுத்தல்' என்பதில் யாருக்கும் தயக்கம் இருக்காது என்று நினைக்கிறேன். வகுத்து வரும் விடையைக் குறிக்கும் 'ஈவு' என்ற சொல்லே 'ஈ' என்ற கொடுத்தல் வினையிலிருந்து வந்ததுதான். நிறுவனம் பங்குதாரர்களுக்குக் கொடுப்பதை ஈவுத்தொகை என்கிறோமே, அதே ஈவு. ஆளுக்குக் கிடைத்தது என்ற பொருள் பகிர்வில் கச்சிதமாகப் பொருந்துகிறது.

சிக்கல் இரண்டாவதில். 'அளவீட்டு வகுத்தல்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அளவுகோலும் எடைக்கல்லும் நினைவுக்கு வருகின்றன, பெட்டி வரவில்லை. 'தொகுப்பு வகுத்தல்' எனக்கு முதலில் பிடித்திருந்தது. ஆனால் தொகுத்தலும் வகுத்தலும் தமிழில் எதிரெதிரான சொற்கள். இரண்டையும் ஒன்றாகக் கட்டினால் இலக்கணம் படித்த ஆசிரியருக்கே உறுத்தும்.

'அடங்கு வகுத்தல்' என்பது என் முன்மொழிவு. "23-இல் 4 எத்தனை முறை அடங்கும்?" என்று வகுப்பறையில் கேட்கிறோம் அல்லவா, அதிலிருந்து எடுத்தது. 'பகிர்', 'அடங்கு' இரண்டும் வினைத்தொகையாக ஒரே அச்சில் நிற்கின்றன. 'அடக்க வகுத்தல்' என்று வேண்டாம், பணிவும் இறுதிச் சடங்கும் குறுக்கே வரும்.

இந்தச் சொல் மீதியையும் தானாக விளக்கிவிடுகிறது: அடங்காமல் நிற்பது மீதி. 23 ÷ 4-க்கு ஒரு பிள்ளை "4, மீதி 7" என்று எழுதினால் விதியைச் சொல்லித் திருத்த வேண்டாம். "அந்த 7-இல் இன்னொரு 4 அடங்குமா?" என்று கேட்டாலே போதும். மீதி வகுக்கும் எண்ணைவிடச் சிறியதாக இருக்க வேண்டும் என்பதைப் பிள்ளையே கண்டுபிடிக்கும். பின்னால் பின்னங்கள் வரும்போதும் இது கைகொடுக்கும். 3 ÷ ½ என்பதை அரை ஆளுக்குப் பகிர்வதாக நினைத்துப் பார்ப்பது கடினம். ஆனால் 3-இல் அரை 6 முறை அடங்கும் என்பது உடனே விளங்குகிறது.

அமெரிக்காவில் 1980-களின் தொடக்கத்தில் 13 வயது மாணவர்களுக்கு நடந்த தேசிய மதிப்பீட்டில் ஒரு கேள்வி உண்டு: ஒரு பேருந்தில் 36 பேர் ஏறலாம், 1128 வீரர்களுக்கு எத்தனை பேருந்து வேண்டும்? 29 விழுக்காட்டினர் "31, மீதி 12" என்று எழுதினார்கள். 18 விழுக்காட்டினர் 31 என்று நிறுத்திக்கொண்டார்கள். 32 என்று சரியாகச் சொன்னவர்கள் 23 விழுக்காட்டினர்தான். பெயர் சூட்டினால் மட்டும் இது சரியாகிவிடாது, ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் "அடங்காத 12 பேர்" என்று வாய்விட்டுச் சொன்ன பிள்ளை அவர்களை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகாது என்று நம்புகிறேன்.

'மீதி'யை 'எச்சம்' ஆக்கலாம் என்ற யோசனை வேண்டாம். மீதித் தேற்றம் வரை அந்தச் சொல் ஊன்றிவிட்டது, குழந்தைக்கும் தெரிந்த சொல்.

அப்புறம், கையேட்டில் சமக்குறியைப் பற்றியும் முடிவு செய்ய வேண்டும். 17 ÷ 4 = 4 மீதி 1, 9 ÷ 2 = 4 மீதி 1 என்று எழுதினால் இரண்டும் சமம் என்று ஆகிவிடுகிறது. உண்மையில் ஒன்று நாலேகால், மற்றது நாலரை. 17 = 4 × 4 + 1, 9 = 2 × 4 + 1 என்று எழுதிக்காட்டலாம். மூன்றாம் வகுப்புக்கு இது கனமாக இருக்குமா என்று தொடக்கப்பள்ளியில் பாடம் நடத்துகிறவர்கள் சொல்லுங்கள்.