பையன் டைரியில் 'வில்ஃபுல்': திட்டா, பாராட்டா?

கே.ஆர்.புரம்_அப்பா:
இங்க பெங்களூர்ல ரெண்டாம் கிளாஸ் படிக்கிற என் பையனோட டைரியில் மிஸ் நேத்து ஒரே வரி எழுதி அனுப்பியிருக்காங்க. பையன் 'வில்ஃபுல்'லா இருக்கான், வந்து பாருங்கன்னு. வீட்டுக்காரம்மா அது 'வில் பவர்' மாதிரி ஏதோ நல்லதுன்னு நினைச்சு, சேலத்துல இருக்கிற பாட்டி வரைக்கும் போன் போட்டுச் சொல்லியாச்சு. அகராதியைப் பார்த்த எனக்குத்தான் முகம் விழுந்துபோச்சு, சொல்பேச்சு கேக்காம தன் இஷ்டத்துக்கு அடம் பிடிக்கிறதாம். இதே மாதிரி வேற சொல் தேடினா ஆப்ஸ்டினேட், ஹெட்ஸ்ட்ராங், டிஃபையன்ட், ரீகால்சிட்ரன்ட்னு வந்துகிட்டே இருக்கு. நம்மகிட்ட எல்லாத்துக்கும் சேர்த்து 'அடம்' ஒண்ணுதானே? இந்த விஷயத்துல இங்கிலீஷ்தான் பணக்கார மொழின்னு எனக்குத் தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?

அல்சூர்_அண்ணாச்சி:
அடம் ஒண்ணுதானா! தம்பி, ஊரை விட்டு வந்து எத்தனை வருஷம் ஆச்சு? அடம் குழந்தைக்கு. கேட்டது கைக்கு வந்தா தீர்ந்துடும். வீம்பு அப்படியில்ல, நஷ்டம் நமக்குத்தான்னு தெரிஞ்சும் இறங்கி வராம இருக்கிறது. முரண்டு, இழுக்க இழுக்க எதிர்ப்பக்கம் போறது. கல்யாண வீட்டுல பத்திரிகையில பேர் போடலைன்னு சாப்பிடாம வெளியே நிக்கிறாரே சித்தப்பா, அவரை ஆப்ஸ்டினேட்னு சொல்லிப் பாரு. பாதி கூட வராது. பைக் கிளம்பலைன்னா மக்கர். அடங்காப்பிடாரி, தான்தோன்றி எல்லாம் இன்னும் மிச்சம் இருக்கு.

ஒயிட்ஃபீல்டு_ஹெச்ஆர்:
அண்ணாச்சி, வீட்டுப் பேச்சுக்கு இதெல்லாம் சரி. மெமோவுல 'வீம்பு'ன்னு எழுத முடியுமா? தொழிலாளர்களுக்கான வேலை விதிகளுக்கு 1946-ல ஒரு மாதிரி வடிவம் வந்துச்சு, 'மாடல் ஸ்டாண்டிங் ஆர்டர்ஸ்', தமிழ்ல நிலையாணைகள். அதுல ஒழுங்கீனங்களோட பட்டியல் இருக்கு. அந்தப் பட்டியல்ல முதல் அயிட்டமே 'வில்ஃபுல் இன்சபார்டினேஷன்', மேலதிகாரிக்கு 'வில்ஃபுல்'லா அடங்காம போறது. 1971 நீதிமன்ற அவமதிப்புச் சட்டத்துலயும் வெறும் கீழ்ப்படியாமை போதாது, அது 'வில்ஃபுல்'லா இருக்கணும். வங்கிக்காரங்க சொல்ற 'வில்ஃபுல் டிஃபால்ட்டர்' யாரு? கட்ட வசதி இருந்தும் கடனைக் கட்டாதவன். முடியாம விடுறது வேற, முடிஞ்சும் செய்யாதது வேற. அதை ஒரே சொல்லுல சொல்றாங்க. தமிழ்ல எங்க இருக்கு?

அல்சூர்_அண்ணாச்சி:
'வேணும்னே.'

ஒயிட்ஃபீல்டு_ஹெச்ஆர்:
சரி, அந்த ஒண்ணு உங்களுக்கு.

பீன்யா_ஃபவுண்டரி:
ரிட்டயர் ஆன ஆள், நேரம் இருக்கு, கொஞ்சம் நீளமா எழுதுறேன். உலை முன்னாடி முப்பது வருஷம் நின்னவன் நான். உலைக்குள்ள கட்டுற செங்கல்லுக்குப் பேர் ரெஃப்ராக்டரி. சொல்பேச்சு கேக்காத பிள்ளையையும் இங்கிலீஷ்ல அதே சொல்லாலதான் சொல்வாங்கன்னு எனக்கு ரொம்ப நாள் தெரியாது. மருந்துக்குக் கட்டுப்படாத நோய்க்கும் டாக்டர்கள் அதைத்தான் எழுதுறாங்க. அந்தக் கல்லு மட்டும் சூட்டுக்குப் பணிஞ்சு உருகிடுச்சுன்னா உலையும் இல்லை, வார்ப்பும் இல்லை.

அடுத்தது மாடு. எங்க தருமபுரி பக்கம் சண்டி மாடுன்னு ஒண்ணு உண்டு. நுகத்தடியை வச்சா படுத்துக்கும். வாலைக் கடிச்சாக்கூட எழுந்திருக்காது. இதுக்கு அச்சு அசலா இங்கிலீஷ்ல ஒரு சொல் இருந்துச்சு, 'ரெஸ்டிவ்'. நகர மாட்டேன்னு நிக்கிற குதிரையை அப்படிச் சொல்லியிருக்காங்க. லத்தீன் வேருக்குப் பொருளே பின்தங்கி நிக்கிறது. ஆனா அந்தக் குதிரை சும்மா நிக்காதே, நின்ன இடத்துலயே திமிறும், காலை மாத்தி மாத்தி வைக்கும். அதைப் பார்த்துப் பார்த்து, இன்னைக்கு ரெஸ்டிவ்னா நிலைகொள்ளாம தவிக்கிறதுன்னு ஆயிடுச்சு. பொருளே தலைகீழ். நம்ம சண்டி மட்டும் படுத்த இடத்துலயே படுத்திருக்கு.

ரீகால்சிட்ரன்ட்டோட லத்தீன் வேர்ல குதிகால் இருக்கு, பின்னங்காலால உதைக்கிறது. யாருக்கும் கட்டுப்படாம தன் போக்குல போறவனைச் சொல்ற 'மாவெரிக்', டெக்சாஸ்ல இருந்த ஒருத்தரோட பேர் (1803-1870). அவர் மாடுகளுக்குச் சூடு போடாம விட்டதால, யார் மாடுன்னு தெரியாம திரிஞ்சதுக்கெல்லாம் அந்தப் பேர் ஒட்டிக்கிச்சு. நாம கோயில் காளைன்னு சொல்றதுக்குக் கிட்டத்தட்ட சொந்தக்காரன். இதையெல்லாம் பேர் வச்சது யாருன்னு பாருங்க. கயிறு பிடிச்சவன். மாட்டைக் கேட்டிருந்தா வேற பேர் சொல்லியிருக்கும்.

சிவிராமன்நகர்_டீச்சர்:
கயிறு பிடிச்சவங்கள்ல ஒருத்தி பேசுறேன். நாற்பது பிள்ளைங்க, நாற்பது நிமிஷம், டைரியில ஒரு வரிக்குத்தான் இடம். 'வில்ஃபுல்'னு எழுதினவங்க யோசிச்சுத்தான் எழுதியிருப்பாங்க. 'டிஃபையன்ட்', அதாவது எதிர்த்து நிக்கிறான்னு எழுத நாங்க பயப்படுவோம். அந்தச் சொல் மனநல மருத்துவர்களோட பட்டியல்ல ஒரு கோளாறின் பேர்லயே இருக்கு, அதைச் சொல்லவே அவங்க குறைஞ்சது ஆறு மாச நடத்தையைப் பார்ப்பாங்க. மூர்க்கனும் முதலையும் கொண்டது விடான்னு நம்ம பழமொழி மட்டும் மாட்டைக் கேட்டா எழுதினாங்க?

சிவாஜிநகர்_பிரியாணி:
நடுவுல ஒரு தகவல். சொல்லாம கொள்ளாம குணம் மாறுறவங்களை 'கப்ரிஷியஸ்'னு சொல்றது ஆட்டை வச்சுதானாம். லத்தீன்ல கப்ரான்னா ஆடு. நமக்கு ஆடுன்னா ஒரு பாசம்.

பீன்யா_ஃபவுண்டரி:
ஆடு பின்னால வந்து ஒட்டிக்கிட்டது தம்பி. மூலம் இத்தாலியச் சொல், முள்ளெலி மாதிரி தலைமயிர் குத்திட்டு நிக்கிறதாம். பயத்துல நின்னது, போகப்போக திடீர் ஆசையா மாறிடுச்சு.

சிவாஜிநகர்_பிரியாணி:
அப்போ எங்க மேனேஜருக்கு அது வேண்டாம், வழுக்கை. 'மெர்க்குரியல்' போட்டுக்கிறேன். பாதரசம் மாதிரி, காலையில ஒரு பிளான், மத்தியானம் ஒரு பிளான்.

கே.ஆர்.புரம்_அப்பா:
இன்னைக்கு லீவு போட்டு ஸ்கூலுக்குப் போய்ட்டு வந்தேன். விஷயம் இதுதான். அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது மூணு வாரமா பையன் 'ப்ரசன்ட்' சொல்றதில்ல. மிஸ் முகத்தைப் பார்த்துக்கிட்டே சும்மா உக்காந்திருக்கானாம். அவங்க ஆப்ல சர்நேம் கட்டாயம். நமக்கு ஏது சர்நேம்? அட்மிஷன்ல என் பேரைப் போட்டேன். ஆப் அதை முன்னாடி தள்ளிடுச்சு. மிஸ் தினமும் என் பேரைத்தான் கூப்பிட்டிருக்காங்க. ஏன்டா பதில் சொல்லலைன்னு கேட்டா, 'அது நீங்கதானே'ங்கிறான். பக்கத்து வீட்டு கன்னட ஆன்ட்டி கேட்டுட்டு 'ஹடமாரி'ன்னு, அதாவது அடம் பிடிக்கிறவன்னு, கன்னத்தைக் கிள்ளிட்டுப் போனாங்க.

ஒயிட்ஃபீல்டு_ஹெச்ஆர்:
நிலையாணையில நான் பாதியைத்தான் சொன்னேன். மேலதிகாரி இட்ட உத்தரவு சட்டப்படியும் நியாயமாவும் இருக்கணும்னு அதே வரியில இருக்கு. பையன் தப்பிச்சான்.

சிவிராமன்நகர்_டீச்சர்:
ஒத்துக்க மாட்டேன். மூணு வாரம் வாயைத் திறந்து 'என் பேர் இது இல்ல மிஸ்'னு ஒரு வார்த்தை சொல்லலையே? பேர் தப்புதான், எங்க பக்கத்துத் தப்பு. ஆனா பேசாம உக்காந்திருந்தது வில்ஃபுல்தான்.

அல்சூர்_அண்ணாச்சி:
அதுக்குப் பேர் வீம்பு மேடம். இங்கிலீஷ்ல கிடையாது.

கே.ஆர்.புரம்_அப்பா:
பேரை அடுத்த டெர்ம்லதான் மாத்த முடியுமாம், ஆப்ல லாக் ஆயிடுச்சாம். அதுவரைக்கும் ப்ரசன்ட் சொல்லுடா கண்ணுன்னு கெஞ்சிப் பார்த்துட்டேன். 'நீங்களே வந்து சொல்லிட்டுப் போங்கப்பா'ங்கிறான்.